விமானப் பாகத் தொழிலில் தட்டுப்பாட்டு உலோகங்களை நிர்வகிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புவியோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களின் வரிசையில் டைட்டானியத்துக்கு ஒன்பதாவது இடம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் அது இல்மனைட் என்னும் கருமணலாகக் கடற்கரையிலேயே கிடக்கிறது. அப்படியிருந்தும், விமானப் பாகம் செய்யும் பட்டறை ஒன்று குறிப்பிட்ட தரத்தில், குறிப்பிட்ட தடிமனில் ஒரு டைட்டானியக் கட்டைக்கு ஆணை கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த முரணைப் புரிந்துகொண்டால்தான் மற்றவை புரியும். விமானத் தொழிலில் தட்டுப்பாடு என்பது பெரும்பாலும் உலோகத்துக்கான தட்டுப்பாடாக இருப்பதில்லை. எங்கே, எந்த உலையில், எப்போது உருக்கப்பட்டது என்று ஐயமறக் காட்டக்கூடிய உலோகத்துக்கான தட்டுப்பாடாகவே இருக்கிறது.

பெரிய நிறுவனங்களிடமிருந்து வரைபடம் பெற்றுப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஓசூர், கோவை, பெங்களூருப் பகுதிப் பட்டறைகளில் மூலப்பொருள் திட்டமிடலைக் கவனிப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நானும் அந்த மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன். எடுத்துக்காட்டுகளில் டைட்டானியமே முன்னிற்கும். ரீனியம், கோபால்ட், இட்ரியம் ஆகியவை அவற்றுக்குரிய இடங்களில் வரும்.

முதல் படி: தட்டுப்பாடு வழங்கல் சங்கிலியின் எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று கண்டறியுங்கள்

உங்கள் பட்டறை செய்யும் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அதன் உலோகக் கலவையையும், கலவைக்கு எதிரே அதிலுள்ள தனிமங்களையும், தனிமங்களுக்கு எதிரே அவை எங்கிருந்து, என்னென்ன கட்டங்களைக் கடந்து வருகின்றன என்பதையும் எழுதி ஓர் அட்டவணை தயாரியுங்கள். ஒரு வாரம் பிடிக்கும் வேலை இது. பலர் கலவையின் பெயரோடு நின்றுவிடுவதால், ஆபத்து எங்கே இருக்கிறது என்பதே அவர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

டைட்டானியத்தை எடுத்துக்கொள்வோம். மணலிலிருந்து பெறப்படும் டைட்டானியம் டெட்ராகுளோரைடை, ஆர்கான் சூழலில் உருகிய மக்னீசியத்தோடு வினைபுரியச் செய்து, நுண்துளைகள் நிறைந்த ஒரு கட்டியாக எடுக்கிறார்கள். குரோல் முறை என்று அறியப்படும் இந்த முறையில் கிடைக்கும் கட்டிக்கு ஸ்பான்ஜ் என்று பெயர். அதைப் பிற உலோகங்களோடு சேர்த்து அழுத்தி, வெற்றிட வில் உலையில் இரண்டு அல்லது மூன்று முறை உருக்கினால்தான் விமானத்துக்கு ஏற்ற வார்ப்புக்கட்டி கிடைக்கும். தோண்டப்படும் டைட்டானியக் கனிமத்தில் மிகப்பெரும் பங்கு வெள்ளைச் சாயத் தயாரிப்புக்கே போகிறது. உலோகமாவது சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கிலும் விமானத் தரத்துக்குத் தேறும் ஸ்பான்ஜைச் செய்யும் ஆலைகள் ஜப்பான், கசகஸ்தான், ரஷ்யா எனச் சில நாடுகளில் மட்டுமே உள்ளன. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ஹெண்டர்சனில் இருந்த ஆலையும் 2020-இல் மூடப்பட்டது. இந்தியாவில் சவராவிலுள்ள கேரள அரசின் ஆலை, ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தோடும் இஸ்ரோவின் நிதியோடும் ஆண்டுக்கு 500 டன் திறனில் நிறுவப்பட்டது. ஆகவே டைட்டானியத்தின் இடுக்கு மணலில் இல்லை. ஸ்பான்ஜிலும் அதை உருக்கும் உலையிலும் இருக்கிறது.

ரீனியத்தின் கதை முற்றிலும் வேறு. ஜெட் இன்ஜின் டர்பைனில் சுழலும், ஒரே படிகமாக வார்த்த அலகுகளில் (பிளேடுகளில்) 3 விழுக்காடு அளவில் சேர்க்கப்படும் இந்த உலோகத்துக்கென்று தனிச் சுரங்கம் உலகில் கிடையாது எனலாம். செப்புத் தாதுவோடு வரும் மாலிப்டினைட்டை வறுக்கும்போது புகையோடு வெளியேறுவதைப் பிடித்துச் சேர்ப்பதே அதன் முதன்மை ஊற்று. சிலி நாடு இதில் முன்னணியில் இருக்கிறது. உலக முழுவதற்குமான ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 60 டன்தான். துணைப் பொருளாக வரும் உலோகத்தின் விலை பத்து மடங்கு ஏறினாலும் அதற்காக யாரும் கூடுதலாகச் செம்பு தோண்டப்போவதில்லை. அட்டவணையில் அத்தகைய உலோகங்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். விலையைக் கூட்டிக் கொடுத்தால் கிடைக்கும் உலோகம் எது, எவ்வளவு கொடுத்தாலும் உடனே கிடைக்காத உலோகம் எது என்ற பிரிவினை, பின்னால் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றையும் மாற்றும்.

மிகச் சிறிய அளவில் பயன்படுவதையும் விட்டுவிடாதீர்கள். டர்பைன் அலகுகளை வெப்பத்திலிருந்து காக்கும் வெண்ணிறப் பூச்சு, 7 முதல் 8 விழுக்காடு இட்ரியம் ஆக்சைடு சேர்த்த சிர்க்கோனியாவால் ஆனது. அந்தச் சிறு விழுக்காடு வரவில்லை என்றால் பூச்சு இல்லை; பூச்சு இல்லையென்றால் அலகு இன்ஜினுக்குள் போகாது.

இரண்டாம் படி: உண்மையான தேவையைக் கணக்கிடுங்கள்

விமானத் தொழிலில் வாங்கும் எடையும் பறக்கும் எடையும் வேறு வேறு. டைட்டானியக் கட்டையிலிருந்து கடைந்தெடுக்கும் பாகங்களில், வாங்கிய எடை பறக்கும் எடையைப் போல எட்டு மடங்கு, சில சிக்கலான பாகங்களில் அதற்கும் மேலாக இருப்பது வழக்கம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முடிந்த பாகம் 2 கிலோ; அதற்கு வெட்டும் கட்டை 16 கிலோ; ஆண்டுக்கு 300 பாகங்கள். அப்படியானால் வாங்க வேண்டியது 4,800 கிலோ. விமானத்தில் ஏறுவது 600 கிலோ. மீதமுள்ள 4,200 கிலோவும் சீவலாகவும் துண்டாகவும் தொட்டிக்குப் போகிறது. நூற்றுக்கு மூன்று பாகம் கழிக்கப்படுமானால் இன்னும் 144 கிலோ சேர்த்து வாங்க வேண்டும். இதே பாகத்துக்கு, இறுதி வடிவத்துக்கு நெருக்கமாக அடித்தெடுத்த 10 கிலோ ஃபோர்ஜிங் கிடைத்தால் ஆண்டுக்கு வாங்குவது 3,000 கிலோவாகக் குறைகிறது. எந்தச் சந்தையிலும் தேடாமல் 1,800 கிலோ டைட்டானியம் கையில் கிடைத்தது போலத்தான் அது. ஃபோர்ஜிங் அச்சின் செலவைக் கிலோ விலையோடு மட்டும் ஒப்பிடும் கணக்காளருக்கு இந்த வரியைக் காட்டுங்கள்.

எடைக்கு அடுத்தது காலம். ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஆய்வு, மேற்பரப்பு வேலை, கடைசல், ஃபோர்ஜிங், பின்பு கட்டையோ தகடோ ஆலையிலிருந்து வந்து சேரும் காலம். விற்பவர் சொல்லும் காலத்தை எழுதாதீர்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் எத்தனை நாளில் வந்தது என்பதை உங்கள் வரவுப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நீங்கள் வைத்திருக்க வேண்டிய காப்பு இருப்பின் அளவைத் தீர்மானிக்கும்.

மூன்றாம் படி: இரண்டாவது ஊற்று உண்மையிலேயே இரண்டாவதா என்று பாருங்கள்

போயிங் 787-இன் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு டைட்டானியம். கார்பன் இழைக் கூட்டுப்பொருளோடு அலுமினியம் சேர்ந்திருந்தால் அரிப்பு ஏற்படும். டைட்டானியத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பது இதற்கொரு முக்கியக் காரணம். இந்தத் தேவையின் பெரும்பங்கை உலகமே உரால் மலைப் பகுதியிலுள்ள வெர்க்ன்யாயா சல்டா நகரத்து வி.எஸ்.எம்.பி.ஓ.-அவிஸ்மா நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச்சில் போயிங் ரஷ்ய டைட்டானியக் கொள்முதலை நிறுத்தியது. தன் தேவையில் ஏறத்தாழ பாதிக்கு அந்நிறுவனத்தை நம்பியிருந்த ஏர்பஸ் உடனே விலக முடியாமல் படிப்படியாகக் குறைக்க முற்பட்டது. 2024 பிப்ரவரியில் கனடா அந்நிறுவனத்தின் மீது தடை விதித்ததும், ஏர்பஸ்ஸுக்கு அந்நாடு தனி விலக்கு வழங்க வேண்டி வந்தது. பல ஆண்டுகளுக்குத் தேவையான இருப்பையும் ஒப்பந்தங்களையும் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இந்த நிலை.

உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் வேலை எளிமையானது. ஆனால் பலரும் செய்யாதது. இரண்டு விற்பனையாளர்களிடம் வாங்குகிறோம் என்று நிம்மதியாக இருப்பதற்கு முன், இருவரும் தந்த சோதனைச் சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருக்கிய ஆலையின் பெயரைப் படியுங்கள். இரண்டிலும் ஒரே ஆலை இருந்தால் உங்களுக்கு இருப்பது ஒரே ஊற்று. கடைகள் மட்டுமே இரண்டு.

புதிய ஆலையைச் சேர்ப்பது கொள்முதல் துறை மட்டும் முடிவு செய்யும் காரியமன்று. வாடிக்கையாளரின் ஏற்பு, மாதிரிச் சோதனைகள், சில பாகங்களுக்கு முதல் பாகத்தின் முழு ஆய்வு என்று மாதங்கள் ஓடும். ஆகவே தட்டுப்பாடு இல்லாத காலத்திலேயே இந்த ஏற்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு சிறு ஆணையாவது அந்த ஆலைக்குக் கொடுத்து உறவை உயிரோடு வைத்திருங்கள். ஆலைகள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகியவர்களுக்குத்தான் பங்கிடும். முதன்முறையாகக் கதவைத் தட்டுகிறவருக்கு வரிசையின் கடைசி இடம்தான்.

ஒப்பந்தத்தில் விலையைவிட அளவுக்கும் காலத்துக்கும் கூடுதல் கவனம் கொடுங்கள். அடுத்த பன்னிரண்டு மாதத் தேவையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் கொடுத்து, அதில் குறிப்பிட்ட பங்கை நாம் எடுத்தே தீருவோம் என்று உறுதி அளித்தால், ஆலையும் உருக்கு வரிசையில் நமக்கென்று இடம் ஒதுக்கும். சிறு பட்டறை தனியாக இதைச் செய்ய இயலாவிட்டால், வாடிக்கையாளரான பெரிய நிறுவனத்தின் ஒப்பந்த விலையில், அதன் ஒதுக்கீட்டிலிருந்து வாங்கிக்கொள்ள அனுமதி கேளுங்கள். பெரும்பாலான பெரிய நிறுவனங்களிடம் இந்த ஏற்பாடு உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு.

நான்காம் படி: உலோகத்தின் பிறப்புச் சான்றைக் காப்பாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள் என்பேன்.

2024 ஜூனில், போலி ஆவணங்களோடு விற்கப்பட்ட டைட்டானியம் போயிங், ஏர்பஸ் விமானங்களுக்கான பாகங்களில் சேர்ந்திருந்தது வெளியே தெரிந்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் விசாரணையில் இறங்கியது. அந்த உலோகத்தில் அரிப்பால் உண்டான சிறு துளைகளைப் பாகம் செய்யும் ஒருவர் கவனித்ததிலிருந்தே அந்த நூல் பிடிக்கப்பட்டது. தட்டுப்பாடு வரும்போது இத்தகைய சரக்கு சந்தைக்குள் வரும். விலை சற்றுக் குறைவாக, கைமேல் இருப்பாக, கேட்ட அளவில் கிடைக்கும். அவசரத்தில் இருப்பவருக்கு அது வரமாகத் தோன்றும்.

சரக்கு வரும் அன்று செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். சான்றிதழில் உள்ள உருக்கு எண்ணும் (ஒரே தடவையில் உருக்கிய உலோகத்துக்கு ஆலை தரும் அடையாள எண்) கட்டையில் பொறித்த எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் பொருந்த வேண்டும். ஆணையில் ஏ.எம்.எஸ். 4928 (அலுமினியமும் வெனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவைக்கான தரக்குறியீடு) என்று கேட்டிருந்தால் சான்றிதழிலும் அதே தரக்குறியீடும் திருத்த எண்ணும் இருக்க வேண்டும். சோதனை நாள் உருக்கிய நாளுக்கு முந்தியதாக இருக்கிறதா, இரண்டு வேறு உருக்குகளின் வேதியியல் எண்கள் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருக்கின்றனவா, ஒரே தாளில் எழுத்தின் அளவு இடையில் மாறுகிறதா என்று பாருங்கள். போலித் தாளைச் செய்பவர் தவறுவது இங்கேதான். ஐயம் எழுந்தால் ஆலைக்கே எழுதிக் கேளுங்கள். அப்போது அந்தச் சான்றிதழில் அச்சிட்டுள்ள முகவரிக்கு எழுதாமல், நீங்கள் வேறு வழியில் உறுதிசெய்த முகவரிக்கு எழுதுங்கள்.

கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியை வைத்துப் பார்த்துவிட்டோம் என்று நிறைவடைய வேண்டாம். அலுமினியம் 6, வெனேடியம் 4 விழுக்காடு இருக்கிறது என்பதை அது காட்டும். ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் அதனால் பார்க்க முடியாது. இந்தக் கலவையில் சாதாரணத் தரத்துக்கு ஆக்சிஜன் வரம்பு 0.20 விழுக்காடு, உயர் தாங்குதிறன் தரத்துக்கு 0.13. இந்த இரண்டையும் பிரித்தறிய ஆய்வுக்கூடத்தில் உருக்கி அளக்கத்தான் வேண்டும். புதிய ஊற்றிலிருந்து வரும் முதல் சில உருக்குகளுக்காவது இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

பட்டறைக்குள் நடக்கும் இழப்பு இன்னொரு வகை. என் தொடக்க காலத்தில், நான் வேலை செய்த இடத்தில் ஒரு நீளத் தண்டின் ஒரு முனையில் மட்டும் உருக்கு எண் பொறிக்கப்பட்டிருந்தது. இரவு ஷிப்டில் இயக்குபவர் அந்த முனையிலிருந்தே வெட்டத் தொடங்கிவிட்டார். காலையில் நான் போனபோது, எண் இல்லாத இரண்டு துண்டுகள் மரப் பலகைமேல் பளபளவென்று கிடந்தன. ஒவ்வொன்றும் பதினோரு கிலோ. கிடங்குப் பொறுப்பாளர், என்னைவிட இருபது வயது மூத்தவர், கையில் ஒன்றைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: “எடையப் பாருங்க தம்பி, நிறத்தப் பாருங்க. நம்ம டைட்டானியந்தான், வேற எங்கேருந்து வரப்போகுது?” அவர் சொன்னது உண்மைதான். அது நம்முடைய டைட்டானியம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதே அலமாரியில் அதே விட்டத்தில் வேறொரு உருக்கைச் சேர்ந்த தண்டும் இருந்தது. இது எந்த உருக்கு என்று கேட்டால் சொல்ல அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. நான்கு மாதம் காத்திருந்து வாங்கிய உலோகம், பழைய இரும்புக் கணக்கில் எடைக்குப் போனது.

அன்று எழுதிய விதி மூன்று வரிதான். எண் இருக்கும் முனைக்கு எதிர் முனையிலிருந்தே வெட்ட வேண்டும். ரம்பம் உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே, பிரியப்போகும் இரண்டு துண்டுகளிலும் எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பொறித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர் என்று இருவரும் வழிப்பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். கையளவு மீதத்துண்டுகூட எண்ணோடும் நீளத்தோடும் கணினி இருப்பில் ஏற வேண்டும். ஏறிவிட்டால், அடுத்த சிறு பாகத்துக்குப் புதுத் தண்டு வெட்டுவதற்கு முன் அது கண்ணில் படும்.

நாட்டின் பெயரையும் தவறாமல் பதியுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குச் செல்லும் பாகங்களில் டைட்டானியம் உள்ளிட்ட சிறப்பு உலோகங்கள் அமெரிக்காவிலோ, அந்நாடு ஏற்றுக்கொண்ட நாடுகளிலோ உருக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. வாங்கிய நாடும் உருக்கிய நாடும் வேறாக இருக்கலாம் என்பதால், இருப்புப் பதிவேட்டில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

ஐந்தாம் படி: எதை, எந்த வடிவில் இருப்பு வைப்பது

காப்பு இருப்புக்கு ஒரு நேரடிக் கணக்கு உண்டு. மாதம் 400 கிலோ செலவாகிறது; ஆலை சொன்ன காலம் 9 மாதம்; கடந்த இரண்டு ஆண்டில் மிகத் தாமதமாக வந்தது 12 மாதத்தில். இடைவெளி 3 மாதம் என்பதால் 1,200 கிலோவைக் காப்பாக வையுங்கள். துணைப் பொருளாக மட்டுமே கிடைப்பது என்று முதல் படியில் நிறமிட்டவற்றுக்கு இதைவிடக் கூடுதலாக வைப்பதே அறிவு.

வடிவம் அளவைவிட முக்கியம். பாகத்துக்கேற்ப வெட்டி வைத்த துண்டு அந்த ஒரு பாகத்துக்குத்தான் உதவும். முழு நீளத் தண்டு பத்து பாகங்களுக்கு உதவும். ஆகவே இருப்பு எப்போதும் வெட்டப்படாத நிலையில் இருக்கட்டும். ஆணை உறுதியான பிறகே ரம்பத்துக்குப் போகட்டும். வாடிக்கையாளர்களோடு பேசி, நெருக்கமான விட்டங்களை ஒன்றாக்க முடியுமானால், நான்கு அளவுகளில் சிதறிக் கிடக்கும் இருப்பு இரண்டு அளவுகளில் திரண்டு நிற்கும்.

இருப்பு குறையும்போது யாருக்கு முதலில் என்ற வரிசையை அமைதியான நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பாகத்துக்காகத் தரையில் நிற்கும் விமானத்துக்கு முதலிடம்; அடுத்து, இணைப்பு வரிசையை நிறுத்தக்கூடிய பாகம்; வாடிக்கையாளரின் கிடங்குக்குப் போகும் பாகம் கடைசி. யார் உரக்கக் கேட்கிறாரோ அவருக்கு என்று விட்டால், முக்கியமான பாகத்துக்கு உலோகம் இல்லாத நாள் வந்தே தீரும். வாடிக்கையாளரே வாங்கித் தந்த உலோகத்தை வேறொருவரின் பாகத்துக்கு ஒரு நாள் கடனாகக்கூட எடுக்கக் கூடாது. பதற்றத்தில் தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பதையும் தவிர்க்க வேண்டும்; எல்லாப் பட்டறைகளும் ஒரே மாதத்தில் இருமடங்கு ஆணை கொடுத்தால் ஆலையின் வரிசை நீளும், இல்லாத தட்டுப்பாடும் உண்டாகிவிடும்.

ஆறாம் படி: சீவலை உலோகமாக மதியுங்கள்

முன்பு போட்ட கணக்கில், வாங்கிய 4,800 கிலோவில் 4,200 கிலோ சீவலானது. அதைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் மீண்டும் விமானத் தரத்தில் உருக்க முடியும்; கலந்துவிட்டால் எஃகு ஆலைக்குச் சேர்க்கைப் பொருளாகப் போகும், அதற்குப் பிறகு விமானத் தொழிலுக்குத் திரும்பி வராது.

சுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1989 ஜூலை 19-ஐ நினைவில் கொள்ள வேண்டும். யுனைடெட் விமான நிறுவனத்தின் டி.சி.-10 விமானம், வால் இன்ஜினின் விசிறி வட்டு நடுவானில் உடைந்து, நீரழுத்தக் கட்டுப்பாடுகள் அனைத்தையும் இழந்து, அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வட்டின் டைட்டானியத்தை உருக்கிய காலத்திலேயே உள்ளே தங்கிவிட்ட, நைட்ரஜன் செறிந்த ஒரு கடினத் துகளிலிருந்து தொடங்கிய விரிசல்தான் காரணம் என்று விசாரணை கண்டது. சுழலும் பாகங்களுக்கு இன்று பயன்படும் குளிர்தட்டு உருக்கும் முறையில், கனமான துகள்கள் தட்டின் அடியில் தங்கிவிடுகின்றன. கடினத் துகள்கள் கரைவதற்குப் போதிய நேரமும் கிடைக்கிறது. சீவலை மறுபடி விமானத்துக்குக் கொண்டுவருவதும் இந்த உலைகளே. ஆனால் உலையை நம்பி நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது. நம் பட்டறையில் உடையும் டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனைத் துணுக்கு ஒன்று சீவலோடு போனால், அது எப்படிப்பட்ட துகள் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

நடைமுறையில், ஒரு எந்திரத்தில் வாரம் முழுவதும் ஒரே கலவை ஓடும்படி வேலையைத் திட்டமிடுங்கள். கலவை மாறும்போது சீவல் பாதையையும் தொட்டியையும் முழுக்கத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கலவைக்கும் தனி நிறத் தொட்டி, மூடியோடு, மேலே கலவையின் பெயரோடு இருக்கட்டும். வெட்டுமுனை உடைந்தால், அந்த நேரத்துச் சீவலைத் தனியாக எடுத்துக் கழித்துவிடுங்கள். குளிர்விப்பு நீரை வடித்து, கழுவி, காந்தம் ஓட்டி எஃகுத் துகளைப் பிரித்த பின்பே மூட்டை கட்டுங்கள். தேய்ந்த கார்பைடு முனைகளையும் சேர்த்து வையுங்கள். டங்ஸ்டனும் இன்று கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் உலோகம்தான்.

ஓர் எச்சரிக்கை. நுண்ணிய டைட்டானியச் சீவல் தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்றே உள்ள தூள் அணைப்பானோ தொட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவு ஷிப்டில் இருப்பவர் உட்பட அனைவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதே சிந்தனையைப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஜெட் இன்ஜின் செய்யும் ஜி.இ. நிறுவனம். ரீனியத்தின் விலை 2008-இல் கிலோ 10,000 டாலரைத் தாண்டியபோது, பயன்முடிந்த டர்பைன் அலகுகளையும் அரைப்புத் துகளையும் திரட்டி ரீனியத்தை மீட்டெடுக்கும் திட்டத்தை அது ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

ஏழாம் படி: மாற்று உலோகத்துக்கு முன்கூட்டியே வழி வகுங்கள்

ஜி.இ. மீட்டெடுப்பதோடு நிற்கவில்லை. 3 விழுக்காடு ரீனியம் கொண்ட ரெனே என்5 கலவைக்குப் பதிலாக, அதில் பாதியளவே கொண்ட ரெனே என்515 கலவையை உருவாக்கியது. இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1978-இல் ஜயீர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் கொல்வேசி சுரங்க நகரம் கிளர்ச்சிப் படைகளின் கைக்குப் போனபோது, உலகின் முதன்மையான கோபால்ட் ஊற்று தடைபட்டு விலை பல மடங்கு ஏறியது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு இன்ஜின் நிறுவனங்கள் கோபால்ட் குறைந்த நிக்கல் கலவைகளை நோக்கி நகர்ந்தன. விண்வெளித் தொழிலின் முக்கிய உலோகங்களைச் சிக்கனப்படுத்த நாசாவும் தனி ஆய்வுத் திட்டம் நடத்தியது. அதே நிலப்பகுதியை உள்ளடக்கிய காங்கோ ஜனநாயகக் குடியரசு, 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தி, அக்டோபரில் ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது.

நம் பக்கத்திலேயே நடந்த எடுத்துக்காட்டு இன்னும் பொருத்தமானது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலை இன்ஜினுக்கு, நயோபியமும் ஹாஃப்னியமும் கலந்த சி-103 என்ற இறக்குமதிக் கலவையில் கூம்புமுனை செய்துவந்தார்கள். அதற்குப் பதிலாக ஸ்டெல்லைட் கலவையில் செய்த கூம்புமுனையை 2025 ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நெடுநேரம் எரித்துச் சோதித்து இஸ்ரோ தகுதிப்படுத்தியது. செலவு 90 விழுக்காடு குறையும் என்று அறிவிக்கப்பட்டது. இந்த வெற்றியை மதித்தபடியே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்டெல்லைட் கோபால்ட்டை அடிப்படையாகக் கொண்டு, டங்ஸ்டனும் சேர்ந்த கலவை. மாற்று உலோகம் ஒரு சார்பைத் தீர்க்கும்போது இன்னொன்றைக் கொண்டுவரும். ஆகவே மாற்றையும் முதல் படியின் அட்டவணையில் வைத்துப் பார்த்த பின்பே ஏற்க வேண்டும்.

சிறு பட்டறை கலவையைத் தானாக மாற்றவே கூடாது. அது வடிவமைப்பாளரின் உரிமை. ஆனால் அதே கலவையைத் தண்டுக்குப் பதில் தகடாகவோ, வேறு தரக்குறியீட்டில் வரும் வடிவிலோ ஏற்க முடியுமா என்று எழுத்தில் கேட்கலாம். கேட்கும் கடிதத்தோடு ஒப்பீட்டு அட்டவணையையும் இணைத்தால் விடை விரைவில் வரும். தட்டுப்பாடு கழுத்தை நெரிக்கும் மாதத்தில் கேட்டால், பாகம் ஒப்படைக்க வேண்டிய நாள் கடந்த பிறகே விடை வந்து சேரும்.

எட்டாம் படி: அரசாணைகளைப் படியுங்கள், மாதம் ஒருமுறை கூடுங்கள்

சீனா 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மானியம் ஆகியவற்றுக்கும், 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன், மாலிப்டினம் முதலியவற்றுக்கும், அதே ஆண்டு ஏப்ரலில் இட்ரியம், சமாரியம், டிஸ்ப்ரோசியம், ஸ்காண்டியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமம் கேட்டால் இறுதிப் பயனர் யார், எதற்காக என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த உறுதிமொழியை வாடிக்கையாளரிடமிருந்து வாங்குவதற்கே வாரங்கள் ஆகும் என்பதால், அதன் வரைவை முன்பே தயாரித்து அவர்களது சட்டப் பிரிவின் ஒப்புதலோடு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பூச்சு வேலை செய்து தருபவரிடம் இட்ரியம் இருப்பு எத்தனை மாதத்துக்கு உள்ளது என்றும் கேளுங்கள். அவர் நின்றால் நீங்களும் நிற்பீர்கள்.

மாதக் கூட்டத்துக்கு ஒரு பக்கத் தாள் போதும். ஒவ்வொரு கலவைக்கும் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு, வழியில் எவ்வளவு, கடைசியாக வந்த சரக்கு சொன்ன நாளுக்கு எத்தனை நாள் பிந்தியது, சென்ற மாதம் வாங்கிய எடைக்கும் அனுப்பிய பாகங்களின் எடைக்கும் உள்ள விகிதம், சீவல் தொட்டிகளின் எடை ஆகியவை அதில் இருக்கட்டும். வாங்கிய எடையிலிருந்து பாகம், சீவல், மீதத்துண்டு மூன்றையும் கழித்தால் சுழியத்தை நெருங்க வேண்டும். நெருங்காத மாதத்தில், கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு எல்லோரும் கிடங்குக்குப் போய், எண் இல்லாமல் கிடக்கும் துண்டு எது என்று தேடுங்கள்.